பக்கவாதம்: கம்ப்யூட்டர் உதவும், கடிகாரத்தை நாம்தான் பார்க்கணும்



"கை கால் விழுந்துட்டு" என்று நம்ம ஊரில் சொல்கிறோமே, அதுதான் பக்கவாதம். இது கையிலோ காலிலோ வரும் நோய் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவதால் வருவது. இப்போது இதற்கான சிகிச்சையில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற கம்ப்யூட்டர் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இரண்டு வகை

கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். மண் அடைத்தால் தண்ணீர் வயலுக்குப் போகாது. கரை உடைந்தாலும் போகாது. மூளையின் ரத்தக் குழாயும் அப்படித்தான். கட்டி அடைத்தால் ஒரு வகை, குழாய் வெடித்து ரத்தம் கசிந்தால் இன்னொரு வகை.

அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

ஸ்கேன் இருந்தாலும், அதைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் எல்லா ஊரிலும், எல்லா ராத்திரியும் இருப்பதில்லை. மும்பையைச் சேர்ந்த கியூர் ஏஐ நிறுவனத்தார் சுமார் 3 இலட்சம் தலை ஸ்கேன்களை வைத்து ஒரு கம்ப்யூட்டர் முறையைப் பழக்கிச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரத்தக்கசிவு தெரிந்தால் அந்த இடத்தை இந்த முறை சில நிமிடங்களில் காட்டிவிடும். அஸ்ஸாமில் தேஜ்பூர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மருத்துவமனையில் பொது மருத்துவர்களே பக்கவாதச் சிகிச்சை கொடுக்கிறார்கள். அங்கே இது துணையாக இருந்திருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டரும் தவறலாம். அடைப்பு வந்த முதல் சில மணி நேரம் ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது டாக்டர்தான்.

பிறகு வரும் பயிற்சியிலும் கருவிகள் வந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கின. நோயாளியால் எவ்வளவு அசைக்க முடிகிறதோ அதற்குத் தக்கபடி அது உதவும்.

நம்ம பங்கு

இந்தக் கருவிகள் மிச்சப்படுத்துவது ஆஸ்பத்திரிக்குள் ஆகும் நிமிடங்களைத்தான். வீட்டில் வீணாகும் மணி நேரத்தை எந்தக் கம்ப்யூட்டரும் திருப்பித் தராது. அடைப்பு வந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாபநாசம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்னால் எண்ணெய் தேய்ப்பது, புறா ரத்தம் தடவுவது, "விடியட்டும் பார்ப்போம்" என்பது எல்லாம் சேர்ந்தால் நாலரை மணி நேரம் ஓடியே போய்விடும்.

பீடி சுத்தும்போது கத்தரி திடீரென்று கை நழுவுகிறதா? உடனே பாருங்கள்:

1. சிரிக்கச் சொல்லுங்கள். வாய் கோணுகிறதா?
2. இரு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தாழ்கிறதா?
3. பேசச் சொல்லுங்கள். குழறுகிறதா?

ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் பண்ணுங்கள். கடைசியாக எப்போது நல்லா இருந்தார் என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே இப்படி இருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். நேரமாகிவிட்டது என்றும் விட்டுவிடாதீர்கள். பெரிய குழாயில் அடைப்பு என்றால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை எடுக்க முடிகிறது.

வராமல் தடுக்க ரத்த அழுத்தத்தைப் பார்க்கணும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போன தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குழுவில் கலந்து பேச:

• நம்ம ஊருக்குப் பக்கத்தில் சி.டி. ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எது? விசாரித்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
• ராத்திரியில் வண்டிக்கும் கைச்செலவுக்கும் குழு எப்படி உதவும்?
• நம்மில் யார் யார் இந்த மாதம் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை?