சின்னத் தீதானே என்று போகாதே

ஆத்தூர்,
தை 20

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். வைகை அணையில் பயிற்சி முடிந்து, முண்டந்துறைப் பக்கம் உனக்கு பீட் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மாசி பிறக்கப்போகிறது. அடிவாரத்துப் புல் இந்நேரம் மஞ்சளாகியிருக்கும். வைகாசிக் கடைசியில் சாரல் எட்டிப்பார்க்கும் வரை உனக்குத் தீக்காலம்தான். வனவராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆனாலும் கேள்.

பெரிய தீயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது பிடித்தால் ரேஞ்சர் வருவார், மேலதிகாரிகள் வருவார்கள், தீயணைப்பு வண்டி வரும், யார் எங்கே நிற்பது என்று சொல்ல ஆள் இருக்கும். நீ அடிக்கடி பார்க்கப்போவது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தீ. புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைத்தது, தேனெடுக்கப் போனவர் கையிலிருந்து விழுந்த பந்தம், யாரோ அணைக்காமல் விட்டுப்போன அடுப்பு. நம் காட்டில் தீ தானாகப் பிடிப்பது அபூர்வம். இந்தச் சின்னத் தீக்குத்தான் நாலு பேர் போவீர்கள். தழை ஒடித்து அடித்தால் அணைந்துவிடும் என்று போவீர்கள். பெரும்பாலும் அணைந்தும் விடும். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2020 பிப்ரவரியில் கேரளத்துத் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன வாட்சர்கள் மூன்று பேர் அந்தத் தீயிலேயே இறந்துபோனார்கள். காட்டை அறியாதவர்கள் இல்லை அவர்கள், காட்டிலேயே உழைத்தவர்கள். அமெரிக்காவில் மொன்டானா மலையில் 1949 ஆகஸ்ட் 5 அன்று விமானத்திலிருந்து குதித்து இறங்கிய தீயணைப்பு வீரர்களும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தபோது மறுநாள் காலைக்குள் முடிந்துவிடும் என்றே நினைத்தார்கள். காற்று திரும்பியது, தீ அவர்களுக்குக் கீழே வந்து புல்லில் ஏறியது. பதின்மூன்று பேர் போனார்கள். தலைவராயிருந்த வாக்னர் டாட்ஜ் ஒரு கட்டத்துக்கு மேல் ஓடவில்லை. தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்துபோன சாம்பலில் குப்புறப் படுத்தார். வாருங்கள் என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை, மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவர் பிழைத்தார்.

அதை ஒரு வித்தையாக நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்: எரிந்துமுடிந்த தரை மறுபடி எரியாது. தீயிடம் போகும்போதெல்லாம் உன் ஒரு கால் கருகிய தரைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். வேலையைத் தீயின் வாலிலிருந்து தொடங்கு. எரிந்த பக்கமாக நுழைந்து, இரண்டு பக்கவாட்டையும் அடித்துக்கொண்டே போய்த் தலையை நெருக்கு. தீக்கு மேலே, சரிவில், ஒருபோதும் நிற்காதே. தட்டைத் தரையில் போகும் தீ பத்து பாகை சரிவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும், இருபதில் நாலு மடங்கு. உன் கால் சரிவில் அப்படி ஏறாது, பாதி வேகம்கூட வராது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போன அத்தனை பிள்ளைகள் சிக்கியதும் காய்ந்த புல் சரிவில்தான். இருபதுக்கு மேல் உயிர் போயிற்று. உதவிக்கு முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

பகலில் வெயில் ஏற ஏறக் காற்று மேட்டைப் பார்த்து வீசும். பொழுது சாய்ந்தபின் மலையிலிருந்து கீழே இறங்கும். இந்த மாற்றம் நடக்கிற நேரத்தில் தீயின் முகம் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது, அப்போது விலகி நின்று பார். நடுமதியத்தில் வீரம் காட்டாதே. பனி இறங்குகிற பின்னிரவும் விடியற்காலையும்தான் உன் நேரம். தழையை ஓங்கி அடிக்காதே, பொறி பறந்து பின்னால் விழும். அமுக்கி, கருகிய பக்கமாக இழுத்துத் தேய். ஃபயர் லைன் வெட்டினால் சருகைத் தள்ளியதோடு நிறுத்தாமல் மண் தெரியும் வரை சுரண்டு, வேர் வழியாகவும் தீ நகரும். பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு போகாதே, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே போட்டிருப்பதும் பருத்தியாக இருக்கட்டும்.

அணைந்த பிறகுதான் பொறுமை வேண்டும். விழுந்துகிடக்கும் கட்டை, பொந்து மரம், யானைச் சாணி எல்லாம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் பதினோரு மணிக் காற்றுக்கு எழுந்துவிடும். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார். சூடு இருக்கும் வரை இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துக் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மரக்கூரைக்குக் கீழே ஊர்கிற சின்னத் தீ அதன் கண்ணுக்குத் தப்பலாம். உன்னோடு வாட்சராக வரும் காணிக்காரருக்கு அந்தப் புகை மூக்கில் முதலில் தட்டும். வயதில் மூத்தவர் என்றால் அண்ணாச்சி என்றே கூப்பிடு. யூனிஃபார்ம் போட்டதால் வாய் நீள வேண்டாம். அவர் "இப்ப வேண்டாம், திரும்பிடுவோம்" என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே, திரும்பு. காரணத்தைக் கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம். மேலதிகாரிகளிடமிருந்து கேள்வி வந்தால், திரும்பச் சொன்னது நான் என்று நீ சொல். தினக்கூலிக்கு வருகிற அவர்மேல் பழி விழக் கூடாது.

நீ நிற்கிற மலை எங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொதிகையில் பிறக்கிற தண்ணீர் எட்டு அணைக்கட்டு தாண்டி, திருவைகுண்டத்தில் மிஞ்சியதுதான் நம் ஆத்தூருக்கு வருகிறது. நம்மைத் தாண்டினால் புன்னக்காயல், அப்புறம் கடல். கொடிக்கால் ஒரு வாரக் காய்ச்சலையும் தாங்காது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே கொண்டாடியது. அந்த இலைக்கு ஈரம் உன் சரிவுகளிலிருந்து வருகிறது. சருகு கிடந்தால் மழை மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் கசியும். சருகு எரிந்த சரிவில் மழை சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதை உன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். எரிந்த புல் அடுத்த மழையில் முளைக்கும். ஒரு ஏக்கருக்காக நீயோ உன்னோடு வந்தவரோ போக வேண்டியதில்லை.

இந்த வாரமே அந்தக் காணிக்காரரோடு பீட் முழுக்க நட. ஓடை எங்கே, பாறை எங்கே, கோடையிலும் காயாத இடம் எது, புகையில் கண் தெரியாவிட்டாலும் எந்த வழியில் இறங்கலாம் என்று அவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். வாக்கி டாக்கி எந்த மடுவில் எடுக்காது என்பதையும் குறி. போன தீக்காலத்தில் வாட்சர்களுக்கு ஷூ கொடுத்தார்களா என்று விசாரி. இல்லையென்றால் ரேஞ்சரிடம் இப்போதே எழுதிக்கொடு, தீ வந்தபின் கேட்டால் கிடைக்காது. சிக்னல் வரும் இடத்துக்கு இறங்கும்போது அம்மாவுக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் மாமா