எருக்கும் வெந்தய வரியனும்

வேலியோரத்தில் எருக்கு முளைத்தால் அதனைக் களையென்று பிடுங்கி எறிதல் நம்மவர் வழக்கம். யானும் ஒருமுறை மாணாக்கரை அவ்வாறே ஏவினேன். தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் சிறுவன், பிடுங்கிய செடியின் இலையில் ஊர்ந்த வரிப்புழுவைக் காட்டி, "ஐயா, இஃது இனி எதைத் தின்னும்?" என வினவினான். விடை கூறவியலாது நின்றேன்.

அப்புழு வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவம். தாய்ப்பூச்சி எருக்கையும் அதன் இனச் செடிகளையுமே நாடி முட்டையிடும். புழு இலையிலுள்ள நச்சுப்பாலையும் உண்டு, அந்நஞ்சைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்ளும். ஆதலின் பறவைகள் அதனைத் தின்னத் தயங்கும். ஆயினும் எருக்கம்பூவின் தேனை நாடித் தேன்சிட்டு வரும், கருவண்டும் வரும்.

வளர்க்கும் முறை எளிது. வெயில் நன்கு படுவதும் நீர் தேங்காததுமான இடத்தில், முற்றி வெடித்த காயின் விதையை ஊன்றுக. தண்டை நட்டாலும் தளிர்க்கும். பூச்சிமருந்து தெளித்தலாகாது. பால் கண்ணுக்குக் கேடு; சிறுவர் கவனமாயிருத்தல் வேண்டும். மலைநாட்டுப் பூந்தோட்டங்களிற் காணும் செம்மஞ்சட் பூவுடைய பாற்செடியிலும் இப்புழு வாழும். எனினும் அஃது அமெரிக்காவினின்று வந்தது. எருக்கோ நம் மண்ணுக்குரியது.

புறநானூற்றின் 106ஆம் பாட்டிற் கபிலர், எளிய எருக்கம்பூவைச் சூட்டினும் கடவுள் வேண்டாவென மறுப்பதில்லை என்கிறார். கடவுள் மறாத பூவை நாம் மறுக்கலாமோ? வேலியோரத்தில் விட்டுவைக்கும் ஒரு செடியே அச்சிறுவனுக்கு யான் கூறும் விடை.