மோட்டார் நிற்க இணையம் எதற்கு?

கேள்வி: எங்கள் வீடு திரேஸ்புரத்தில், கடலுக்குப் பக்கம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 எச்.பி. மோட்டாரை வைஃபை பிளக்கில் மாட்டி, போனிலேயே போட்டு நிறுத்தி வந்தேன். இணையம் போனால் நிறுத்த முடியவில்லை, தொட்டி நிரம்பி வழிகிறது. பிளக்கும் இரண்டாம் முறையாகக் கெட்டுவிட்டது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டால் சரியாகும் என்கிறான் தம்பி. செய்யலாமா ஐயா?

- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் இன்றைக்கே அந்தப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலே அதைத் தாங்காமல் முனைகள் ஒட்டிக்கொண்டால், போனில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் உள்ள ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். வைஃபை ரிலே அந்தக் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும்.

கீழ்த்தொட்டி, மேல்தொட்டி இரண்டிலும் மிதவை சுவிட்ச் வைத்து, காயிலுக்குப் போகும் ஒயரிலேயே தொடராக இணைக்கச் சொல்லுங்கள். மேலே நிரம்பினாலும் கீழே வற்றினாலும் மோட்டார் தானாக நின்றுவிடும். இதை எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்காதீர்கள். நேரம் பார்த்து மோட்டார் போடுவது, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைப்பது, உங்களுக்குச் செய்தி அனுப்புவது, இவைதான் ஹோம் அசிஸ்டன்ட்டின் வேலை.

இப்போது நீங்கள் பொத்தானை அழுத்தினால், பக்கத்து அறையில் இருக்கும் பிளக்குக்கான கட்டளை எங்கோ உள்ள கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் திடீரென சர்வர்களை நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த வீடுகள் கையைப் பிசைந்து நின்றன. 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடும். டாஸ்மோட்டா அல்லது ஈஎஸ்பிஹோம் மென்பொருள் போட்ட ரிலே வாங்கினால், கட்டளை உங்கள் ரவுட்டரைத் தாண்டாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது மாவட்டத்தில் மின்சாரமும் செல்போனும் போனதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் முதலில் வந்து இணையம் பிந்தினாலும் உங்கள் வீடு இயங்கும்.

பிளக் கெட்டதற்கு உப்புக்காற்றும் காரணமாக இருக்கலாம். சர்க்யூட் பலகையில் படியும் உப்பு ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். ரிலேயை ஐபி65 பெட்டியில் வையுங்கள். ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், கிளாண்டு போட்டு இறுக்குங்கள். ராஸ்பெரி பை வீட்டுக்குள் இருக்கட்டும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் மெமரி கார்டு சீக்கிரம் பழுதாகும் என்பதால் எஸ்எஸ்டி போடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு என்ற வி.பி.என். வழியாக வாருங்கள், ஹோம் அசிஸ்டன்ட்டின் போர்ட்டை ரவுட்டரில் நேரடியாகத் திறந்து வைக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். எச்சரிக்கை வந்தால் வாசலில் சிவப்பு விளக்கு எரியும்படி செய்ய முடியுமா?

- ஒரு வாசகி, தருவைகுளம்

பதில்: முடியும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் எச்சரிக்கைகளைக் கணினி படிக்கும் வடிவிலும் வெளியிடுகிறது. ஹோம் அசிஸ்டன்ட் அதை அவ்வப்போது எடுத்துப் பார்த்து விளக்கைப் போடும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள், அம்மா. இணையம் அறுந்தாலும் சிவப்பு எரியாது. அப்பா அதைக் கடல் அமைதி என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அதனால் சில மணி நேரமாகப் புதுத் தகவல் வராவிட்டால் மஞ்சள் எரியும்படி அமையுங்கள். பச்சை விளக்கே வேண்டாம். ‘போகலாம்’ என்று சொல்லும் தகுதி இந்தக் கருவிக்குக் கிடையாது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் மீன்வளத் துறை அறிவிப்பையும் பார்த்துத்தான் படகை இறக்க வேண்டும். சிவப்பானாலும் மஞ்சளானாலும் அப்பா முதலில் அவற்றைத்தான் விசாரிக்க வேண்டும் என்று விளக்குக்குக் கீழே எழுதி ஒட்டிவிடுங்கள்.