அணைத்த பிறகும் சுவரில் இருக்கும் டிவி

கேள்வி: கோவைப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் பூச்சு வேலை. டிவியை அணைத்ததும் ஹாலில் கரும்பலகை மாட்டியதுபோல் தெரிவது எனக்குப் பிடிக்காது. ஷோரூமில், அணைத்தால் ஓவியமாகிவிடும் 55 அங்குல ஃப்ரேம் டிவியைப் பார்த்தோம். தொட்டுப் பார்த்த பிறகுதான் டிவி என்றே தெரிந்தது. பாட்டி வீட்டுத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. "அதைப் போட்டோ எடுத்து இந்த டிவியிலேயே போட்டுவிடலாம், தனியாக மாட்ட வேண்டாம்" என்கிறார் கணவர். செய்யலாமா? நாள் முழுக்கப் படம் தெரிந்தால் கரண்ட் பில் ஏறாதா?

பதில்: முதலில் பாட்டியின் ஓவியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை டிவிக்குள் கொண்டுபோக முடியாது.

தஞ்சாவூர் ஓவியத்தைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் கோந்தும் குழைத்த மக்கால் நகையையும் தூணையும் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டியிருப்பார்கள். ரேக்கு தானாக ஒளிர்வதில்லை. ஜன்னல் வெளிச்சத்தையோ விளக்குச் சுடரையோ வாங்கித் திருப்பித் தருகிறது. நீங்கள் இரண்டடி நகர்ந்தால் மினுக்கமும் உங்களோடு நகரும். போட்டோவில் அந்தத் தங்கம் ஒரே இடத்தில் உறைந்த மஞ்சளாகிவிடும். ஃப்ரேம் டிவியின் சிறப்பே, வெளிச்சம் பட்டுப் பளபளக்காத மேட் திரைதான். சாம்சங்கின் 2022 மாடலில் இருந்து அது வருகிறது. தங்க ரேக்குக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பளபளப்பு. அதைத் தடுப்பதற்கென்று செய்த திரையில் அந்த ஓவியத்தைப் போட்டு என்ன பயன்?

அந்தத் திரைக்குப் பொருந்துபவை வேறு: நீர்வண்ணப் படங்கள், இயற்கைக் காட்சிகள், பழைய அச்சுப் படங்கள், உங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள். காகிதத்தில் தட்டையாக இருந்தது திரையிலும் ஏறக்குறைய காகிதம் போலவே தெரியும். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களையும் போடலாம். அவர் 1906இல் காலமானார்; நம் சட்டப்படி ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் காப்புரிமை. ஒரு சிக்கல், அவை நிமிர்ந்த படங்கள். டிவியோ 16க்கு 9 என்ற அகலக் கட்டம். இருபுறமும் வெள்ளை ஓரம் விட்டுப் போட வேண்டும்; தெய்வத்தின் தலையையோ பாதத்தையோ வெட்டிவிடாதீர்கள்.

டிவி நிறுவனத்தின் ஓவியக் கடைக்கு மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், காப்புரிமை முடிந்த தன் படைப்புகளின் படங்களை இலவசமாகவே தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. 3840க்கு 2160 பிக்சல் அளவில் வெட்டி, செல்போன் வழியாக டிவிக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

டிவியை மறைக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. டயனோரா, சாலிடேர் டிவிகளின் காலத்தில் மரப்பெட்டிக்கு ஷட்டர் போட்டு, அதன்மேல் பின்னல் துணியும் விரித்தோம். 2017இல் சாம்சங், வடிவமைப்பாளர் ஈவ் பேஹாரோடு சேர்ந்து ஃப்ரேம் டிவியைக் கொண்டுவந்தபோது, மூடுவதற்குப் பதிலாகத் திரையிலேயே ஓவியத்தைக் காட்டினார்கள். இப்போது ஹைசென்ஸ், டிசிஎல் நிறுவனங்களும் இதே வகையில் செய்கின்றன.

டிவியாக எப்படி என்று கேட்டால், கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல படம் வேறு டிவிகளில் கிடைக்கும். இதில் ஓஎல்இடி திரை கிடையாது. ஒரே படம் மணிக்கணக்காக நின்றால் ஓஎல்இடியில் தழும்பு விழும் என்பதால் எல்சிடி திரைதான். வழக்கமான ஃப்ரேம் மாடலில் விளக்குகள் ஓரத்தில் இருப்பதால், லைட்டை அணைத்துவிட்டு இரவில் சினிமா பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். படத்தின் தரம்தான் முக்கியம் என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பகல் வெளிச்சம் நிறைந்த ஹால், சீரியலும் செய்தியும் பார்க்கும் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். மரச் சட்டம் பெரும்பாலும் தனி விலை; மாடலுக்கு மாடல் மாறும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கரண்ட் பில்: படம் காட்டும்போது 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் அளவையும் வெளிச்சத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். நீங்கள் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறீர்கள் என்றால் இந்த 36 உங்களை அடுத்த விகிதத்துக்குத் தள்ளிவிடும். ஆளில்லாதபோது தானாக அணைக்கும் சென்சார் இதில் இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஓவியம் என்றால் நிற்பவர் கண்ணுக்கு, அதாவது நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் மாட்டுவது வழக்கம். சோபாவில் உட்கார்பவர் கண் 42 அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஓவியம்போல் தெரியட்டும் என்று மேலே ஏற்றினால் கழுத்து வலிதான் மிஞ்சும். உட்கார்ந்து பார்க்கும் உயரத்திலேயே மாட்டுங்கள்.

வழக்கமான மாடலில் டிவியிலிருந்து ஒரே ஒரு மெல்லிய வயர் தனிப் பெட்டிக்குப் போகும். மின்சாரம், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். பெட்டி சூடாகும் என்பதால் காற்றோட்டமுள்ள கீழ் ஷெல்ஃபில் வையுங்கள். வயரைச் சுவருக்குள் விடுவதென்றால், அதற்கென்று அனுமதிக்கப்பட்ட வயர்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அதன் நுனி அகலமானது; முக்கால் அங்குல பைப்பில் நுழையாது.

என் முடிவு: டிவியை வாங்குங்கள், பாட்டியின் ஓவியத்தை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். நேர் வெயிலும் ஈரமும் படாத இடமாக, பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கோடு. ஆகவே எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை இரண்டு: டிவிச் சுவரில் இரண்டு அங்குல பைப், எதிர்ச் சுவரில் விளக்குக்கு ஒரு பாயிண்ட். பூச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.