மகன் கால்களை நீட்டிக்கொள்ளப் போகிறான்: தடுக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 24, உயரம் 163 செ.மீ. பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களில் ‘பையன் குட்டை’ என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து, காலை நீட்டும் ஆபரேஷன் செய்துகொள்வேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு டாக்டர் 5 செ.மீ.க்கு மேல் கூடாது என்றாராம். இன்னொரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே மட்டுமே 8 செ.மீ. நீட்டலாம், ‘உயரத்துக்கு கேரண்டி’ என்கிறார்களாம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியுமா? எத்தனை செ.மீ. என்று சட்டத்தில் வரம்பு உண்டா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: அம்மா, முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு வருத்தம் தரும். 18 வயது முடிந்தவரின் உடலுக்கு அவர் கையெழுத்துதான் செல்லும். பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. நீதிமன்றத்தில் தடை கேட்டாலும் கிடைக்காது. ஹைதராபாத்தில் 2016-ல் ஓர் இளைஞர் வீட்டில் சொல்லாமலே இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். பெற்றோர் போராடினார்கள், விவகாரம் தெலங்கானா மருத்துவ கவுன்சில் வரை போய், மருத்துவர் மீது நடவடிக்கையும் வந்தது. ஆனால் அதற்குள் கால் எலும்பை வெட்டியாகிவிட்டது. எனவே நீங்கள் இப்போதே எழுதியது நல்லது.

செ.மீ. கணக்கில் வரம்பு சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. சீனா 2006-ல் அழகுக்காக இதைச் செய்வதையே தடை செய்தது. இங்கே அப்படித் தடையும் கிடையாது. அதற்காக வரம்பே இல்லை என்று உங்கள் மகன் நினைத்துவிடக் கூடாது. பொறுப்புள்ள ஒரு மருத்துவர் எந்த அளவோடு நிறுத்துவாரோ, வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு எண் சொல்லும்போது அந்த அளவுகோல் எப்படி வருகிறது என்பதை உங்கள் மகன் புரிந்துகொள்வது அவசியம்.

கணக்கைப் பாருங்கள். இந்த உயரமுள்ள ஆணுக்குக் கீழ்க்கால் எலும்பு சுமார் 34 செ.மீ., தொடை எலும்பு சுமார் 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இயல்பில் கீழ்க்கால், தொடையில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். கீழே 8 செ.மீ. கூட்டினால் 42. அதாவது முழங்காலுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே நீளம். உடம்பின் மேல்பகுதியும் கையும் வளரப்போவதில்லை. உட்கார்ந்த உயரம் பொதுவாக மொத்த உயரத்தில் 52 சதவீதம் அளவில் இருக்கும்; இவருக்கு 85 செ.மீ. அப்படியே இருக்க, நின்ற உயரம் மட்டும் 171 ஆகும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணாடியில் தெரியப்போவது இந்த விகிதம்தான்.

தோற்றத்தைவிடப் பெரிய விஷயம் தசையும் நரம்பும். எலும்பை வெட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு வளரும். ரஷ்யாவின் குர்கானில் இலிசாரோவ் வகுத்த முறை இது. வெளியே வளையம் பூட்டியிருந்தால் கால் மில்லிமீட்டர் வீதம் தினமும் நான்கு தடவை திருகுவதை வீட்டில் நோயாளியோ நீங்களோதான் செய்யப்போகிறீர்கள். எலும்பு வளர்கிற வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காது. குதிகால் தரையில் படாமல் பாதம் விறைத்துக்கொள்வது, பாதம் தொங்கிப்போவது, எலும்பு கூடாமல் போவது, கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைப்பது எல்லாம் இதில் தெரிந்த சிக்கல்கள். அதனால்தான் ஒரே எலும்பில் ஒரு தடவைக்கு அதன் நீளத்தில் 20 சதவீதத்துக்கு உள்ளேயே நிற்பது நல்லது என்பார்கள். 34-ல் 8 என்பது 24 சதவீதத்தை நெருங்குகிறது. 5 என்றால் 15 சதவீதம். 5 என்று சொன்ன மருத்துவர் உங்கள் மகனை ஏமாற்றவில்லை, காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அவரை வற்புறுத்தும் உரிமையும் மகனுக்கு இல்லை. அவசர சிகிச்சை அல்லாத எதையும் மறுக்க மருத்துவருக்கு உரிமை உண்டு.

இனி ஒப்புதல் படிவம். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, முக்கியமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லி வாங்கினால்தான் அது சம்மதம். ஒன்றுக்கு வாங்கிய சம்மதம், உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், இன்னொன்றுக்குச் செல்லாது. நோயே இல்லாத காலை வெட்டும்போது இந்தக் கடமை இன்னும் கூடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அச்சடித்த பொதுப் படிவத்தில் ‘எல்லா ஆபத்துகளும் விளக்கப்பட்டன’ என்ற ஒற்றை வரியை நான் சம்மதமாக ஏற்கவே மாட்டேன். எந்த எலும்பில் எத்தனை செ.மீ., அதற்குப் பின் தொடை–கீழ்க்கால் விகிதம் என்ன, எந்த அறிகுறி வந்தால் நீட்டுவதை நிறுத்துவார்கள், நிறுத்தினால் கட்டணம் என்னாகும், பொருத்தும் கருவியின் பெயரும் மாடலும் என்ன என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். கருவியைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. காலை ஊன்றி நடக்கலாம் என்று பெருமையாகச் சொல்லப்பட்ட ‘ஸ்ட்ரைடு’ என்ற உள்கம்பி, துருவும் எலும்புக் கோளாறும் தெரியவந்ததால் 2021-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

‘கேரண்டி’ என்று சொல்கிற இடத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எந்த அறுவை சிகிச்சை மருத்துவரும் முடிவுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விளம்பரத்தின் நகலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் மகன் பத்திரமாக வைத்திருக்கட்டும். தவறான விளம்பரம் என்று காட்ட அவை உதவும்.

பொறுப்பு யாருக்கு என்றால், சிக்கல் வந்ததாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார், அல்லது செய்யக்கூடாத அளவுக்கு நீட்டினார் என்று காட்ட வேண்டும். அப்போது அது சேவைக் குறைபாடு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். கிரிமினல் வழக்கு (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106) மரணம் நேர்ந்தால்தான் அந்தப் பிரிவில் வரும். அதிலும் அப்பட்டமான கவனக்குறைவு வேண்டும். மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. மருத்துவர் சொன்னதற்கு மேல் மகன் திருகினாலோ, எக்ஸ்ரேவுக்குப் போகாமல் விட்டாலோ பழி பாதி அவர் மேல் வரும். எனவே திருகிய நேரத்தை ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் நம்ப வேண்டாம். அழகு அறுவை சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்ட செலவு.

உயரம் வளரும் என்று விளம்பரம் செய்கிற பவுடர், மாத்திரை பக்கமும் அவர் போக வேண்டாம். உயரத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரப்படுத்துவதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அம்மா, இதை மகனோடு உட்கார்ந்து படியுங்கள். திட்ட வேண்டாம், இரண்டு இடத்தில் கேட்ட வார்த்தை அவரை எவ்வளவு நோகடித்திருந்தால் காலை வெட்டிக்கொள்ளத் துணிவார். மனநல ஆலோசகர் ஒருவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உறுதியாக இருந்தால், மேலே சொன்ன விவரங்களை 8 செ.மீ. மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்கட்டும். தர மறுத்தால் அங்கே அவர் கையெழுத்துப் போடக் கூடாது.