ஊக்கமும் ஆள்வினையும்

திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். இடையில் நிற்பது மடியின்மை. சோம்பலைக் கடந்தாலன்றி ஊக்கம் செயலாகாது என்பது இம்முறைவைப்பால் விளங்கும்.

காசி விசுவநாதர் எழுந்தருளியுள்ள சிவகாசி, மழை குறைந்த பூமி. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத நிலையில், 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்றனர். ஏறத்தாழ எட்டுத் திங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழில் பயின்றனர். ஊர் திரும்பி 1923இல் தொழிற்சாலை கண்டனர். அவர்கள் ஊன்றிய வித்தே பின்னர்ப் பட்டாசு, அச்சுத் தொழில்களாகக் கிளைத்தது.

ஆயினும், நெருப்போடு பழகும் தொழிலில் ஆர்வம் மட்டும் போதாது. அங்கு அவசரம் உயிரைக் கவரும். நாள்தோறும் விதி வழுவாது பணிபுரியும் பொறுமையும் விடாமுயற்சியேயாகும்.

அன்பர்களே! தொடங்கிய நற்செயலைச் சோர்வின்றியும் கவனத்துடனும் நிறைவேற்ற இறைவன் திருவருளை வேண்டுவோமாக.