கண்ணாடிக்குள் ஒரு கேமரா

மூக்குக் கண்ணாடி என்றால் பார்வைக் குறைவுக்குப் போடுவது, வெயிலுக்குப் போடுவது என்று இரண்டு உபயோகம்தான் நமக்குத் தெரியும். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டது. போட்டிருப்பவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடிக்கிற கண்ணாடி! ரே-பான் என்ற பழைய கண்ணாடிப் பெயரோடு சேர்ந்து மெட்டா நிறுவனம் இதை 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஆரம்ப விலை 29,900 ரூபாய். ஸ்பின்னிங் மில்லில் எங்க அம்மா வாங்குகிற சம்பளத்தில் ஏறக்குறைய மூன்று மாதம். ஆகவே நான் எழுதப்போவது அதைப் போட்டுக்கொள்கிறவர் பக்கம் நின்று அல்ல. எதிரே நிற்கிறவர் பக்கம் நின்று.

இதன் அமைப்பு நம் எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்குப் புரியாத விஷயம் இல்லை. ஃபிரேமின் ஒரு மூலையில் 12 மெகாபிக்சல் கேமரா. மறு மூலையில் ஒரு சின்ன வெள்ளை எல்.இ.டி. காதில் மாட்டுகிற தண்டுக்குள் பேட்டரி, புராசசர், ஸ்பீக்கர். ஐந்து மைக்குகள். எல்லாம் சேர்ந்து சுமார் 50 கிராம். தண்டின் மேல் உள்ள பட்டனை அழுத்தினால் படம்; வாயால் சொன்னாலும் எடுக்கும். எடுத்தது செல்போனுக்குப் போய்விடும்.

செல்போனிலும்தான் கேமரா இருக்கிறது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெரும்பாலானவர் கையிலோ பையிலோ அது இருக்கிறது. அதைக் கண்டு யாரும் ஒதுங்கிப் போவதில்லை. அப்படியிருக்க இந்தக் கண்ணாடியைக் கண்டால் மட்டும் ஊர் ஊருக்கு ஜனங்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

இது இன்று நேற்று வந்த கோபமும் இல்லை. கூகுள் நிறுவனம் 2013-ல் ‘கூகுள் கிளாஸ்’ என்ற கண்ணாடியை 1,500 டாலர் விலைக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து உணவு விடுதி ஒன்று, கண்ணாடி கடைக்கு வந்து சேருவதற்கு முன்பே, இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தது. போட்டுத் திரிந்தவர்களுக்கு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பதை கூகுள் நிறுத்தியது. ஆனால் பாருங்கள், அதே கண்ணாடி 2017-க்குப் பிறகு தொழிற்சாலைகளுக்கென்று தனியாக வந்து 2023 வரை விற்றது. விமானம் செய்கிற போயிங் கம்பெனியில் வயர்களைக் கட்டாகச் சேர்க்கும் வேலையில் இதைப் பயன்படுத்தினார்கள். இரண்டு கையும் வயரில் இருக்கும், எந்த வயர் எங்கே என்பது கண் முன்னால் தெரியும். அங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை. யார் போட்டிருக்கிறார்கள், எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்பது பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். ஆக, ஜனங்களுக்கு வெறுப்பு கருவி மேல் அல்ல.

பிறகு எதன் மேல்? இதற்கு நான் படித்த எந்தக் கட்டுரையிலும் கிடைக்காத பதில், பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ கட்டி விற்கிற ஓர் அத்தையிடம் கிடைத்தது. செல்போனில் அந்தக் கண்ணாடியின் படத்தைக் காட்டி விளக்கிச் சொன்னேன். பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “போன்ல எடுக்கிறவன் கையத் தூக்குவான்ல. தூக்குனா நான் சேலைய இழுத்துக்கிருவேன், இல்லாட்டி மூஞ்சியத் திருப்பிக்கிருவேன். பிடிக்கலைன்னா ஏன்டான்னு கேப்பேன். இவன் சும்மா நின்னுக்கிட்டே எடுத்தா நான் எப்பத்தே இழுத்துக்கிறது?”

இதுதான் விஷயம். கேமராவைத் தூக்குவது என்பது படம் எடுக்கிறவருக்கு ஒரு சிரமம். எடுக்கப்படுகிறவருக்கு அது ஓர் அறிவிப்பு. எங்கள் திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். தெருவில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, தலையை ஆட்டிக் கேட்பார்கள். பாஷை தெரியாது. ஆனாலும் பாட்டிக்குப் புரியும். சில பாட்டி நிமிர்ந்து உட்காருவார், சில பாட்டி “போய்யா அங்கிட்டு” என்பார். ஒரு கேள்வியும் ஒரு பதிலும் நடந்துவிடுகிறது! கண்ணாடிக் கேமரா அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது.

கேமரா சின்னதாக ஆகும்போதெல்லாம் இந்தச் சண்டை வந்திருக்கிறது. 1888-ல் ஈஸ்ட்மன் கோடக் கேமராவைக் கொண்டுவந்தார். அதுவரை கேமரா என்றால் பெரும்பாலும் காலூன்றி நிற்கிற பெட்டி. ஆளை உட்காரவைத்து எடுக்க வேண்டும். கையில் தூக்கிப் போகிற கேமரா வந்த பிறகு, 1890-ல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வக்கீல்கள், மனிதனைச் சும்மா விட்டுவைக்கக் கோரும் உரிமை என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் போட்டோவையும் அது குறை சொன்னது. அந்தக் கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கு அது. 1994 அக்டோபரில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஒருவரைச் சும்மா விட வேண்டும் என்பதும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது.

ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் வந்து சேருகிறது? எங்க ஊர் அக்கா ஒருத்தி கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட இருந்த பிள்ளைகளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எவனோ ஒருத்தன் செல்போனில் எடுத்து, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டான். அந்த வீடியோவில் தப்பாக ஒன்றுமே இல்லை. சிரிக்கிறாள், அவ்வளவுதான். அது எங்க ஊருக்குள் சுற்றி அவ அப்பா கைக்கு வந்தது. மறுநாளிலிருந்து காலேஜ் கிடையாது. இப்போது மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிப்பது நான்தான். எங்களை மாதிரிப் பெண் பிள்ளைகள் படிப்பு கல் கட்டடம் மாதிரி நிற்பதில்லை. கம்பங்கொல்லையில் கட்டிய பரண் மாதிரி, ஒரு காத்துக்குத் தாங்காது. ‘அவள் என்ன தப்பு செய்தாள்’ என்று எங்க ஊரில் யாரும் கேட்பதில்லை, ‘வீடியோ வந்துச்சாமே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். செல்போனைத் தூக்கினவனையே அக்கா பார்க்கவில்லை. தூக்கவே தேவையில்லாத கேமரா வந்தால்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஈ பிரிவு ஒருவருடைய உடலின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமில்லாமல் படம் எடுப்பதைப் பற்றியது. மூன்று வருஷம் வரை தண்டனை. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு, ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. பஸ் ஸ்டாண்டில் சிரிப்பது இந்த இரண்டிலும் வராது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ல் வந்த சட்டமோ, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வைத்திருப்பதை விட்டுவிடுகிறது.

முகத்தைப் பிடித்தால் பெயரும் வந்துவிடும் என்பது இன்னொரு பயம். 2024 அக்டோபரில் ஹார்வர்டு மாணவர்கள் இரண்டு பேர் இந்தக் கண்ணாடியின் வீடியோவை, முகத்தை வைத்து இணையத்தில் தேடும் மென்பொருளோடு இணைத்து, வழியில் போகிற அறிமுகமில்லாதவர்களின் பெயர், முகவரி வரை எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தோம் என்று சொல்லி அந்த புரோகிராமை வெளியிடவில்லை. அவர்களும் நம்மைப் போல மாணவர்கள்தான் என்பதை கவனிக்கவும்.

இனி அந்த எல்.இ.டி.க்கு வருவோம். கையைத் தூக்குவதற்குப் பதிலாகக் கம்பெனி வைத்திருக்கிற அறிவிப்பு அதுதான். படம் எடுக்கும்போது எரியும். 2021-ல் வந்த முதல் மாடலில் அது மிகச் சின்னதாக இருந்தது. அந்த விளக்கு மற்றவர்களுக்கு உண்மையில் அறிவிப்புத் தருகிறதா என்று வெளியிடங்களில் வைத்துச் சோதித்தீர்களா என அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தகவல் பாதுகாப்பு அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2023 மாடலில் விளக்கைப் பெரிதாக்கினார்கள். மறைத்து ஒட்டினால் படம் எடுக்காது என்றும் வைத்தார்கள். 2025-ல் அமெரிக்காவில் ஒருவர் 60 டாலர் வாங்கிக்கொண்டு அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்துகொடுப்பதாகச் செய்தி வந்தது. சால்டரிங் தெரிந்த எவரும் ஆச்சரியப்பட மாட்டார்!

சரி, விளக்கை யாரும் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தெரியுமா? 2025 ஜூலையில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஒருவர் இந்த மாதிரிக் கண்ணாடியோடு பிடிபட்டார். கண்ணாடியிலிருந்து மினுக்கிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் காவலர்கள் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி. கோயிலுக்குள் இருட்டு, விளக்கு தெரிந்தது. நம் தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஆனால் பவர் கண்ணாடி போட்டவரிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சாமி கும்பிடப் போங்கள் என்று சொல்ல முடியுமா? இந்தக் கண்ணாடியில் பவர் லென்ஸும் போட்டுக்கொள்ளலாம்.

கோயிலுக்குள் தெரிந்த விளக்கு எங்க ஊர் வெயிலில் தெரியுமா என்பதுதான் என் சந்தேகம். டியூப் லைட் போட்ட வகுப்பறையில் வெளிச்சம் சுமார் 300 முதல் 500 லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். எல்.இ.டி. அதே அளவுதான் எரிகிறது. சுற்றியுள்ள வெளிச்சம் இருநூறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. டிராபிக் சிக்னல் விளக்கு எவ்வளவு பெரிது! அதற்கே வெயில் படாமலிருக்க மேலே தொப்பி மாதிரி ஒரு மறைப்பு வைத்திருக்கிறார்கள். திருச்சுழி பக்கம் சித்திரை மாதம் பார்த்திருப்பீர்கள். மரம் என்றால் கருவேலம்தான், அதிலும் நிழல் கிடையாது. அந்த வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெண், இருபது அடி தள்ளி நிற்கிறவன் கண்ணாடி ஓரத்தில் எரியும் பொட்டு விளக்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளா?

வெளிச்சத்துக்குப் பதில் சத்தம் வைக்கலாமே என்று தோன்றும். தென் கொரியாவில் 2004 முதல் செல்போன் கேமராவில் படம் எடுத்தால் ‘கிளிக்’ சத்தம் கட்டாயம் வர வேண்டும் என்று வைத்தார்கள். குறைந்தது 60 டெசிபெல். அமைதியான ரயிலுக்கு அது சரி. தனியார் பஸ் ஏர் ஹாரன் அடிக்கிற பஸ் ஸ்டாண்டில் 60 டெசிபெல் யார் காதில் விழும்?

கண் தெரியாதவர்களுக்கு இந்தக் கண்ணாடி பெரிய உதவி என்பதையும் மறைக்கக் கூடாது. பஸ் போர்டைப் படித்துச் சொல்லும், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லும். அதற்குப் படத்தைச் சேமித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை, பார்த்துச் சொல்லிவிட்டு அழித்துவிடலாம். அப்படி ஒரு கண்ணாடியை, படம் வெளியே போகவே முடியாத மாதிரி, தனியாகச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். டிசைன் செய்கிறவர் போட்டுக்கொள்கிறவரை மட்டும் வாடிக்கையாளராக நினைப்பதால்தான் மற்ற வழிகள் தோன்றுவதில்லை. பூக்கட்டுகிற அத்தை அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் இல்லை.

அடுத்த பருவத்து மினி பிராஜெக்ட்டுக்கு நான் இதையே கேட்டிருக்கிறேன். கண்ணாடி வாங்கத் தேவையில்லை. பழைய ஃபிரேம் ஒன்றில் 3 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் பட்டன் பேட்டரியும் போதும். லேபிலிருந்து லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு, மதியம் பன்னிரண்டரை மணிக்கு மைதானத்தில் ஒருவர் அதைப் போட்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் ஐந்து அடி, பத்து அடி, இருபது அடி என்று தள்ளி நின்று, விளக்கு எரிகிறதா இல்லையா என்று எழுத வேண்டும். அதே சோதனையைச் சாயங்காலம் ஒருமுறை, வகுப்பறைக்குள் ஒருமுறை. எரிகிறதா இல்லையா என்பது போட்டிருப்பவருக்கும் தெரியக்கூடாது; ஸ்விட்ச் மூன்றாவது ஆள் கையில். இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். தள்ளி நின்று பார்ப்பதற்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருந்தால் நல்லது. எந்தப் பிரிவு என்றாலும் வரலாம்.